‘ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க’

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டால் செஞ்சிப் பக்கத்துக் குடும்பங்களில் அடுத்த வேலை ஆள் தேடுவது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க அல்ல, ரத்தம் கொடுக்க. ‘ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். மாமன் மகனைக் கேட்டால், போன மாசம்தானே கொடுத்தேன் என்பான். மச்சானுக்குச் சர்க்கரை. தம்பியோடு ஒரகடத்தில் வேலை பார்க்கும் பையனுக்குத் தகவல் போகும். வாட்ஸ்அப் குழுவில் ‘அவசரம், ஓ பாசிட்டிவ்’ என்று செய்தி சுற்றும். கடைசியில் இரண்டு பையன்கள் பைக்கில் முண்டியம்பாக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்க் கையை நீட்டிவிட்டு வருவார்கள். அதோடு குடும்பத்துக்கு நிம்மதி.

இத்தனை ஓட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: அந்த இரண்டு யூனிட்டே தேவைப்படாமல் செய்ய வழி இருக்கிறதா?

பல ஆபரேஷன்களில் இருக்கிறது. அதற்கு வேண்டியவை சில வார முன்யோசனை, மலிவான ஒரு மருந்து, ஒரு தராசு. கோடி ரூபாய் மெஷின் எதுவும் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே கழித்தவள் நான். ஓய்வுபெற்றுச் செஞ்சி சிறுகடம்பூரில் இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரின் கண் காயத்தின் மேல் இருக்கும்போது உறிஞ்சிய ரத்தம் சேரும் சக்ஷன் பாட்டிலின் மேல் கண் வைத்திருந்தது நான்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்: நோயாளியின் உடம்பில் ஏற்கெனவே ஓடும் ரத்தத்தைக் காப்பாற்றுவதுதான் முதல் சிகிச்சை. அடுத்தவர் ரத்தம் அதற்குப் பிறகுதான்.

ஹெச்.பி. எவ்வளவு?

தெருவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் ஃபைல் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். சமீபத்தில் மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்கள். அந்த அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதவிலக்கு வந்தால் பத்து நாள் நிற்காது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லி, அடுத்த வாரமே தேதியும் கொடுத்திருந்தார்கள்.

“ஹெச்.பி. எவ்ளோம்மா?”

“அது ஏதோ ஏழு சொச்சம்னு சொன்னாங்க சிஸ்டர். ரெண்டு பாட்டில் ஏத்திட்டு எடுத்துடலாமாம். பசங்களும் ரெடியா இருக்காங்க.”

“வலி இருக்கா? கேன்சர் மாதிரி எதுனா சொன்னாங்களா?”

“அதெல்லாம் இல்லைங்க. வெறும் கட்டிதான்.”

“அப்போ இன்னா அவசரம்? மொதல்ல போக்கை நிறுத்த மாத்திரை குடுத்து, இரும்புச்சத்து ஊசி போட்டு, ஹெச்.பி. ஏறினப்புறம் வெச்சிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?”

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஃபைலைப் பார்த்தார். அப்படிக் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

கணக்கு எளிது. வளர்ந்த ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஹெச்.பி., அதாவது ஹீமோகுளோபின், 12 உள்ள பெண் ஆபரேஷனில் அரை லிட்டர் இழந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். அதே அரை லிட்டரை 7 உள்ள பெண் இழந்தால் மூச்சு வாங்கும், நாடி ஓடும், இதயம் தடுமாறும். ஒரே டாக்டர், ஒரே தியேட்டர், ஒரே அளவு இழப்பு. ஆனால் ஒருத்தி மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போவாள், இன்னொருத்திக்கு ரத்தம் தேடி ஊரே ஓடும்.

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் நெற்களஞ்சியத்தைக் காட்டுவார்கள். 1690-இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்தது. மதில் மட்டுமா காத்தது? உள்ளே நெல்லும் மலைமேல் நீரும் சேர்த்துவைத்திருந்ததும் ஒரு காரணம். ஆபரேஷனும் உடம்புக்கு ஒரு முற்றுகைதான். களஞ்சியம் காலியாக இருக்கும்போது கதவைச் சாத்தி என்ன பயன்?

நம் பெண்களின் களஞ்சியம் எப்படி இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம். அதாவது தியேட்டர் மேஜையில் ஏறும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குறையோடுதான் ஏறுகிறார்கள். அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு. இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரத்தம் குறைந்த பெண்கள், கத்தி படும் பிரசவங்கள். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் ரத்தத்துக்கு அலைகிறோம்.

இரும்புச்சத்து மாத்திரையை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. வாங்கிப் போகிறவர்களில் பலர் அதைப் பரணில் போட்டுவைக்கிறார்கள். “மலம் கருப்பா போவுது சிஸ்டர், பயமா இருக்கு” என்பார்கள். கருப்பாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று யாரும் முதலிலேயே சொல்லியிருக்க மாட்டார்கள். மாத்திரையை டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சேருவது குறையும் என்பதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். செருப்பில்லாமல் கழனியில் இறங்குகிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். அது உள்ளே இருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாத்திரை கொடுத்து அதையும் வெளியேற்ற வேண்டும். வாயால் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றலாம். இரண்டு மூன்று வாரத்தில் ஹெச்.பி. ஏறத் தொடங்கும். அவசரமில்லாத ஆபரேஷனுக்கு இந்த அவகாசம் நம் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று, ரத்தம் லேசாகும் மாத்திரை. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் சாப்பிடுவது. ஆபரேஷனுக்கு முன் எதை நிறுத்தலாம், எத்தனை நாள் முன் நிறுத்தலாம் என்பதை இதய டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தானாக நிறுத்தினால் வேறு ஆபத்து. ஆனால் சாப்பிடுவதைச் சொல்லாமல் இருப்பது அதைவிட மோசம். “வேற மாத்திரை எதுனா சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்லை” என்பார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னால் மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய மூட்டுவலி மாத்திரை அட்டை அட்டையாக இருக்கும். அவற்றில் பலவும் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தடுப்பவைதான். அவர்கள் கணக்கில் அது மாத்திரையே இல்லை.

ஜப்பானியப் பெண் டாக்டரின் மருந்து

மேஜையில் ரத்தம் காப்பது பெரும்பாலும் சர்ஜனின் கையில் இருக்கிறது. நிதானமாக அடுக்கடுக்காகப் பிரிக்கும் கை, சுட்டு ரத்தத்தை நிறுத்தும் காட்டரியை அளவாக வைக்கும் கை, ரத்தக்குழாயைப் பிடித்துக் கட்டிய பிறகு வெட்டும் கை. ஏசியைக் கூட்டிவைத்த தியேட்டரில் நோயாளியின் உடம்பு சில்லிட்டால் ரத்தம் உறைவது மந்தமாகும் என்பதால் போர்வை போர்த்துவதும், ஏற்றும் டிரிப்பைக் கதகதப்பாக வைப்பதும் எங்கள் வேலை. இவையெல்லாம் பழைய பாடம்.

இவற்றோடு ஒரு மருந்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிரானெக்ஸாமிக் ஆசிட். காயத்தில் ரத்தம் உறைந்து அடைப்பு போடும்போது, அந்த அடைப்பைக் கரைக்கும் வேலையையும் உடம்பே செய்துகொண்டிருக்கும். கரைப்பதைத் தடுத்து, போட்ட அடைப்பைக் காப்பதுதான் இந்த மருந்தின் வேலை. மாதவிலக்கில் அதிகம் போனால் எழுதித் தருகிற மாத்திரை இதே மருந்துதான். நம் வீட்டுப் பெண்கள் பலருக்குப் பழக்கமானது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் உதாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ என்ற ஜப்பானியக் கணவனும் மனைவியும். போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஆராய்ச்சிக்குப் பணமில்லை. ரத்தத்தை ஆராய்ந்தால் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு உதாகோ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1962-இல் மருந்து வெளியுலகுக்குத் தெரிந்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கால் சாகும் பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கிருந்த டாக்டர்கள் யாரும் முன்வரவில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் அந்தச் சோதனை நடந்தது. 21 நாடுகள், 193 ஆஸ்பத்திரிகள், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வந்த 20,060 பெண்கள். முடிவு 2017-இல் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்கப்பட்டவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 1.2 சதவீதம், கொடுக்கப்படாதவர்களில் 1.7. பார்க்கச் சின்ன வித்தியாசம். இறக்கக்கூடிய மூன்று பேரில் கிட்டத்தட்ட ஒருவரைக் காப்பாற்றுவது அது. அதே ஆண்டில் உலக சுகாதார அமைப்பு இதைப் பிரசவ ரத்தப்போக்குச் சிகிச்சையில் சேர்த்தது. உதாகோ முந்தைய ஆண்டு, 98-ஆம் வயதில் காலமாகியிருந்தார்.

ஆபரேஷன்களுக்கும் சோதனை நடந்தது. இதயம் அல்லாத பிற அறுவைகளுக்கு வந்த 9,535 நோயாளிகளிடம் 22 நாடுகளில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. கவலைக்குரிய ரத்தப்போக்கு மருந்து பெறாதவர்களில் 11.7 சதவீதம், பெற்றவர்களில் 9.1. எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற மருந்தல்ல இது; ரத்தக்கட்டி வரும் அபாயம் உள்ளவர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

தியேட்டர் நர்ஸ் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதுகில் போடும் மயக்க ஊசியின் ஆம்பூலும் இந்த மருந்தின் ஆம்பூலும் பார்க்க ஒன்றுபோல் இருக்கலாம். கை மாறி இது முதுகுத்தண்டில் போய், நோயாளிகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில், ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. லேபிளை வாய்விட்டுப் படித்த பிறகே உடைக்க வேண்டும். உயிர் காக்கும் மருந்துக்கும் ஒழுங்கு வேண்டும்.

நேரம் இதில் பெரிய விஷயம். தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது. மூன்று மணி நேரம் தாண்டினால் பலனே இல்லை. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போக 28 கிலோமீட்டர். திருவண்ணாமலையும் முண்டியம்பாக்கமும் ஏறக்குறைய நாற்பது. வண்டி வர, ஏற்ற, இறக்க, சீட்டு போட என்று ஒன்றரை மணி நேரம் கரைந்துவிடும். விபத்தில் அடிபட்டவர்களுக்கும் இதே கணக்குதான். கிருஷ்ணகிரி - திண்டிவனம் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது, நல்ல திட்டம். ஆனால் ரத்தம் 48 மணி நேரம் காத்திருக்காது. முதல் ஊசி, நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் இடத்திலேயே விழ வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

கண் மதிப்பு பொய் சொல்லும்

ஆபரேஷன் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் ஒரு வரி உண்டு: ரத்த இழப்பு எவ்வளவு? பெரும்பாலும் ‘300 மில்லி’ என்று எழுதுவார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இருக்காது. பார்த்த மாத்திரத்தில் போட்ட மதிப்பு அது. மேஜை விரிப்பில் ஊறியது, தரையில் சொட்டியது, டாக்டரின் கவுனில் போனது எதுவும் அதில் சேராது.

கர்நாடகத்தின் பெல்காம் மருத்துவக் கல்லூரியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பிரசவம் ஆனதும் தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. அதன் அடியில் அளவுக்கோடு போட்ட பை. போகும் ரத்தம் பையில் சேரும். எத்தனை மில்லி என்று கோட்டைப் பார்த்துப் படிக்கலாம். அதோடு ஒப்பிட்டபோது கண் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காட்டியது. அதே மாதிரியான விரிப்பை நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். அளவு தாண்டியதும் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப், பரிசோதனை என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒருசேரச் செய்தார்கள். 2023-இல் வந்த முடிவு: கடும் ரத்தப்போக்கு, அதனால் வயிற்றைத் திறப்பது, மரணம் ஆகியவை சேர்ந்து 4.3 சதவீதத்திலிருந்து 1.6-ஆகக் குறைந்தன. அதில் புது மருந்து ஒன்றுமில்லை. அளந்தார்கள், உடனே செய்தார்கள்.

தியேட்டரிலும் அளக்கலாம். ரத்தம் ஒற்றும் மாப் துணி உலர்ந்திருக்கும்போது எத்தனை கிராம் என்று ஒருமுறை நிறுத்து, சுவரில் எழுதி ஒட்டிவிட வேண்டும். நனைந்த மாப்களை எண்ணிக்கை சரிபார்க்கும்போதே தராசில் போட வேண்டும். எண்ணத்தான் போகிறோம், நிறுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு மில்லி ரத்தம் ஏறத்தாழ ஒரு கிராம். உலர்ந்த எடையைக் கழித்தால் இழப்பு தெரியும். சக்ஷன் பாட்டிலில் உள்ளதில் கழுவ ஊற்றிய சலைனையும், சிசேரியனாக இருந்தால் பனிக்குடத் தண்ணீரையும் கழிக்க வேண்டும். சமையலறைத் தராசு போதும். ‘சிஸ்டர் மளிகைக் கடை வெச்சிருக்காங்க’ என்று தியேட்டரில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். 900 என்று தராசு சொன்னால் ஒருவரும் 300 என்று எழுத முடியாது.

தெம்புக்கு ஒரு பாட்டில்

ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, “ரத்தம் ஏத்துனாங்களா?” இரண்டு பாட்டில் ஏற்றினார்கள் என்றால் பெரிய வைத்தியம் நடந்ததாக அர்த்தம். ஏற்றவில்லை என்றால் ஆஸ்பத்திரி ஏதோ மிச்சம் பிடித்துவிட்டதாக முகம் சுருங்கும். இந்த எதிர்பார்ப்புக்கு டாக்டர்களும் வளைந்து கொடுக்கிறார்கள். வார்டில் நன்றாக உட்கார்ந்து இட்லி சாப்பிடும் பெண்ணுக்கு, ஏற்பாடு செய்த ரத்தம் வீணாகிவிடுமே என்று ஒரு யூனிட் ஓடும்.

கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 838 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1999-இலேயே வெளியானது. ஹெச்.பி. 10-க்குக் கீழ் வந்ததும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களைவிட, 7-க்குக் கீழ் வரும்வரை பொறுத்தவர்கள் எந்த வகையிலும் மோசமாகிவிடவில்லை. இதய நோய் உள்ளவர்கள், இன்னும் ரத்தம் போய்க்கொண்டே இருப்பவர்கள் கணக்கு வேறு. மற்றவர்களுக்கு ஒரு யூனிட் ஏற்றினால் ஹெச்.பி. ஏறக்குறைய 1 கூடும். ஒன்றை ஏற்றி, பார்த்து, தேவையென்றால் மட்டும் அடுத்தது என்பதுதான் இன்றைய முறை. ரத்தம் ஜோடியாகத்தான் ஏற வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்தவர் ரத்தம் டானிக் அல்ல. காய்ச்சல், ஒவ்வாமை, நுரையீரலில் நீர் கோர்ப்பது, குரூப் மாறி ஏறுவது என்று அதற்கும் ஆபத்துகள் உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிக்கு அதன் வழியே எச்.ஐ.வி. தொற்றியது. பரிசோதனையை இறுக்க வேண்டும் என்று அப்போது எல்லாரும் பேசினோம், சரிதான். ஆனால் கர்ப்பகாலத்து ரத்தசோகையை முதல் மாதங்களிலேயே பிடித்து இரும்புச்சத்தால் சரிசெய்தால், ரத்தப் பைக்கு முன் கையை நீட்டவேண்டிய பெண்கள் எத்தனை பேர் குறைவார்கள் என்று பேசியவர்கள் குறைவு.

இதைப் படித்துவிட்டு ரத்தமே வேண்டாம் என்று யாரும் பிடிவாதம் பிடித்துவிடக் கூடாது. கர்ப்பப்பை கிழிந்து வரும் பெண்ணுக்கும், லாரியில் அடிபட்டு வரும் பையனுக்கும் ரத்தம்தான் உயிர். அங்கே ஒரு நிமிடம் யோசிப்பதும் குற்றம். ரத்தம் கொடுக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் நிறையக் கொடுக்க வேண்டும். அவர்கள் கொடுத்தது அப்படிப்பட்டவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான், தெம்புக்கு ஏற்றுவதை நிறுத்தச் சொல்கிறேன்.

முடியாது என்பவர்களுக்கு

மூன்று வாரம் தள்ளிப்போட்டால் நோயாளி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார் என்று தனியார் டாக்டர்கள் சொல்வார்கள். அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போது வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் பிறகு வர மாட்டார்கள் என்பார்கள். இரண்டும் உண்மை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் போட்டுப் பணம் வாங்கிய வாரத்தில்தான் எங்கள் ஊரில் பல ஆபரேஷன்களுக்கு நாள் குறிக்கிறார்கள். அதனால் ஹெச்.பி. பார்க்கவேண்டிய நாள் ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அல்ல. கட்டி இருக்கிறது என்று ஸ்கேன் சொன்ன அன்றே பார்க்க வேண்டும். அறுவடைக்குக் காத்திருக்கும் அந்த மாதங்களில் இரும்பு ஏறட்டும்.

கூட்டம் அதிகம், ஆள் குறைவு, இதற்கெல்லாம் நேரமில்லை என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றவள் நான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரத்தம் ஏற்றுவதற்கும் ஆள் வேண்டும். ரத்தம் பொருந்துகிறதா என்று கிராஸ் மேட்ச் செய்ய, பையை எடுத்துவர, பக்கத்தில் நின்று நாடி பார்க்க, வெப்பம் பார்க்க. ஒரு யூனிட் தவிர்த்தால் ஒரு நர்ஸின் நேரம் மிச்சம். மேற்கு ஆஸ்திரேலிய மாகாணம் 2008-இல் ரத்தம் காப்பதை அரசுத் திட்டமாகவே எடுத்துச் செய்தது. ஆறு ஆண்டுகளில் 6,05,046 நோயாளிகள். ஒரு நோயாளிக்கு ஏற்றும் ரத்தம் 41 சதவீதம் குறைந்தது. ஆஸ்பத்திரி மரணங்களும் 28 சதவீதம் குறைந்தன. பணக்கார நாடு, உண்மைதான். ரத்தத்துக்கு நம்மைப்போல் அலையாத நாடும்கூட. அவர்களே மிச்சம் பிடிக்கும்போது நமக்கு என்ன கௌரவம்?

மருந்து மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சேதி. ரத்தசோகை உள்ள பெண்களுக்குப் குழந்தை பிறந்ததுமே டிரானெக்ஸாமிக் ஆசிட் போட்டு ரத்தப்போக்கு வராமல் தடுக்க முடியுமா என்று பாகிஸ்தானிலும் மூன்று ஆப்பிரிக்க நாடுகளிலும் 15,068 பேரிடம் பார்த்தார்கள். 2023-இல் வந்த பதில்: தடுக்க முடியவில்லை. ரத்தசோகை கடுமையாக இருந்தவர்கள்தான் பல மடங்கு அதிகமாக உயிருக்குப் போராடினார்கள். கடைசி நேரத்து ஊசி, மாதக்கணக்கில் விட்ட குறையை ஈடுகட்டாது.

நம்மால் முடியாதது இல்லை இது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிருந்து 28 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டிவனத்தில், ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று குடும்பத்தார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனார்கள். அதைப் பார்த்த இளம்பெண் ஐடா ஸ்கடர் டாக்டராகித் திரும்பி 1900-இல் வேலூரில் மருத்துவம் தொடங்கினார். அந்த மண்ணில், 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்குத் தாய் மரணம் 54 ஆக இருந்தது. அப்போது நாட்டின் சராசரி 97. வீட்டில் நடந்த பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். 108 வண்டி விட்டோம். ஒவ்வொரு தாய் மரணத்தையும் மாவட்ட அளவில் உட்கார்ந்து ஆராயும் வழக்கத்தையும் கொண்டுவந்தோம். செத்த பிறகு ஆராய்வதில் காட்டும் கறாரை, ரத்தம் ஏற்றுவதற்கு முன் காட்ட வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. அரசோ தனியாரோ, ஆபரேஷன் நடக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டிலும் மூன்று கட்டங்களைச் சேர்க்க வேண்டும். ஆபரேஷன் முடிவான நாளில் ஹெச்.பி. எவ்வளவு, அதற்கு என்ன செய்தீர்கள் என்பது ஒன்று. நிறுத்து அளந்த ரத்த இழப்பு இரண்டு. ரத்தம் ஏற்றியிருந்தால், ஏற்றும்போது ஹெச்.பி. என்ன, எதற்காக ஏற்றினீர்கள் என்பது மூன்று. மாதம் ஒருமுறை மாவட்டக் கூட்டத்தில் இந்த மூன்றையும் படிக்க வேண்டும். முதல் கட்டத்தில் 7 என்றும் அதன் பக்கத்தில் வெற்றிடமும் இருந்தால், அந்த ஆபரேஷனுக்கு என்ன அவசரம் வந்தது என்று கேட்க வேண்டும்.

குடும்பங்களிடம் கேட்பது இன்னும் எளிது. தேதி வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஹெச்.பி. எவ்வளவு? அதை ஏற்ற நேரம் இருக்கிறதா? ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து எங்களுக்குப் பொருந்துமா? கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். நல்ல சர்ஜன் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்படுகிறவராக இருந்தால், அதையும் தேதி வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதான்.